மாருதி 800-க்குள் 100 கிலோ எங்கே இருக்கிறது? கழற்றி, சுரண்டி, வர்ணமடித்து, எடை போட்ட கணக்கு

கேள்வி: 2 ஜூன் 2024

என்னிடம் 2006 மாருதி 800 இருக்கிறது. சீட், கார்பெட், அதற்கடியில் தரையோடு ஒட்டியிருக்கும் தார் ஷீட், கதவின் உள்பக்கத்தை மூடும் டோர் பேட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் தகட்டுக்கு வெள்ளை வர்ணம் அடித்தால் 100 கிலோ குறையும் என்று கோவை செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் ஒருவர் சொன்னார். செய்தவர்கள் யாராவது உண்டா? வர்ணம் அவசியமா? அதுவும் எடைதானே?

பதில்: 2 ஜூன் 2024, இரவு

100 கிலோ குறையாது. மொத்த வண்டியே 650 கிலோவை ஒட்டித்தான். அதில் எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரங்கள், கண்ணாடி, கூடு எல்லாம் போக உள்ளே 100 கிலோ எங்கே ஒளிந்திருக்கும்? அப்படிச் சொன்னவர் ஏசியையும் பின் கண்ணாடியையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருப்பார், அல்லது தராசையே பார்த்திருக்க மாட்டார்.

என்னிடமும் ஒரு 800 இருக்கிறது. 2004 வண்டி, நான்கு கியர், 37 குதிரைத்திறன். கணபதியில் என் லேத் பட்டறைக்குப் பின்னால் ஏப்ரலிலிருந்து தூசு படிந்து நிற்கிறது. சொல்லிக்கொண்டே இருப்பதைவிடக் கழற்றி நிறுத்துப் பார்த்துவிடலாம்.

5 ஜூன் 2024

கழற்றியாயிற்று. பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன். கடைக்காரர் விற்க வந்திருப்பதாக நினைத்து விலை பேச ஆரம்பித்துவிட்டார்.

பின் சீட் 12.4 கிலோ. முன்னால் பயணி சீட் 11. ஸ்டெப்னியும் ஜாக்கியும் சேர்ந்து 12.5. கார்பெட்டும் அதன் அடியிலுள்ள ஃபெல்ட்டும் 10.9. நான்கு டோர் பேட் 3.8. கூரைத் துணி 1.4. பின் பெல்ட்டுகள் 2. பின் கண்ணாடிக்குக் கீழேயுள்ள பலகை 1.5. முந்தைய உரிமையாளர் மாட்டிய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டியும் 5.9. தார் ஷீட் இன்னும் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கார்பெட் 10.9 என்பது எனக்கே ஆச்சரியம். இவ்வளவு சின்ன வண்டிக்கு இது அதிகம். கார்பெட்டை யாரும் மதிப்பதில்லை, ஆனால் எடை அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

6 ஜூன் 2024

மேலே கார்பெட்டைப் பற்றி நான் எழுதிய தத்துவத்தை மறந்துவிடுங்கள். இரவெல்லாம் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன், காலையில் அடியில் ஒரு குளம். ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டு, பல காலமாகப் பயணி பக்கத்துக் காலடியில் கசிந்து ஃபெல்ட்டில் ஊறியிருக்கிறது. மொட்டை மாடியில் நாள் முழுக்கக் காயப்போட்டு மாலையில் நிறுத்தேன். 6.2 கிலோ.

ஏறத்தாழ ஐந்து கிலோ தண்ணீரை நான் ஊர் முழுக்கச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். எடை குறைக்க விரும்புகிறவர்கள் முதலில் அந்தக் குழாயில் ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள், செலவே இல்லை.

9 ஜூன் 2024

தார் ஷீட்டைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தகடு அதிர்ந்து ஓசை எழாமல் இருக்கக் கம்பெனியிலேயே ஒட்டி வருவது அது. தாரும் கனிமப் பொடியும் கலந்த பாய். சூட்டில் இளகித் தரையின் மேடு பள்ளத்தோடு ஒன்றிப்போய் இருக்கும்.

எடுக்க இரண்டு வழிகள். ஹீட் கன்னால் சூடாக்கிப் பட்டித் தகட்டால் வழிக்கலாம். நான் முதலில் அதைத்தான் செய்தேன். வழிக்க வழிக்க அல்வா போல இழுபடும், தகட்டில் ஒட்டும், கையில் ஒட்டும், காதில்கூட ஒட்டியது, எப்படி என்று கேட்காதீர்கள். மிச்சத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். துடைத்த மண்ணெண்ணெயைப் பிறகு தின்னர் போட்டுத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் வர்ணம் பிடிக்காது.

இன்னொரு வழி குளிர்வித்து உடைப்பது. தார் நன்றாகக் குளிர்ந்தால் கண்ணாடி போல ஆகிவிடும். ஊட்டிக்கு டிசம்பரில் ஓட்டிக்கொண்டு போய் விடியற்காலையில் சுத்தியலால் தட்டு என்றார் ஒருவர். ஊட்டிக் குளிரில் பாதி காரியம்தான் ஆகும், மீதிப் பாதிக்கு உலர் பனிக்கட்டி வேண்டும்.

15 ஜூன் 2024

உலர் பனிக்கட்டி கிடைத்தது. ஐஸ்கிரீமும் மருந்தும் அனுப்புகிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும். ஐந்து கிலோ வாங்கினேன். வீடு வந்து சேர்வதற்குள் ஒரு பங்கு காற்றாகிவிட்டது. உறைந்த கரியமில வாயுதானே, உருகித் தண்ணீராகாது, நேராக வாயுவாகப் போய்விடும்.

துணியில் சுற்றி, சுத்தியலால் நொறுக்கி, தார் ஷீட்டின் மேல் பரப்பிப் பத்து நிமிடம் விட்டேன். குளிர்கிறபோதே அது தானாகப் பட் பட்டென்று வெடிக்கிற ஓசை வரும். பிறகு ஒரு தட்டுத் தட்டினால் அப்பளம் போல நொறுங்கித் தகட்டைவிட்டு எழும்பும். ஹீட் கன்னோடு இரண்டு நாள் போராடிய பரப்பைவிடப் பெரிய பரப்பு முக்கால் மணி நேரத்தில் சுத்தம். மேடான இடங்களில் கட்டிகள் உருண்டு விழும். துணிப் பொட்டலமாகக் கட்டி அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

எச்சரிக்கை: கட்டியின் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி. தடித்த கையுறை இல்லாமல் தொட்டால் தீப்பட்டது போலத் தோல் வெந்துவிடும். அதைவிட ஆபத்து அந்த வாயு. காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். காருக்குள் தலையைக் குனிந்து வேலை செய்கிறவனின் மூக்கு சரியாக அங்கேதான் இருக்கும். நான்கு கதவும் டிக்கியும் திறந்திருக்கட்டும், ஒரு மின்விசிறி ஓடட்டும். நான் விசிறி வைக்காமல் தொடங்கி, மூச்சு வாங்குகிறதே என்று வெளியே வந்து, பிறகுதான் விசிறியைத் தேடினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை.

வந்த தார் ஷீட் 4.3 கிலோ.

16 ஜூன் 2024

மொத்தம் கூட்டிச் சொல்லுங்கள் என்கிறார் கேள்வி கேட்டவர். காய்ந்த கார்பெட்டோடு சரியாக 61 கிலோ.

17 ஜூன் 2024

தார் ஷீட்டோடு சேர்த்து மூட்டுகளில் பூசியிருக்கும் சீலன்ட்டையும் சுரண்டிவிட்டதாக ஒருவர் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். ஐயா, அது ஓசைக்காக வைத்ததல்ல. இரண்டு தகடுகள் சேரும் மூட்டில் தண்ணீர் ஏறாமல் தடுப்பது அது. மழைக்கு முன் மறுபடி பூசிவிடுங்கள். எல்லாம் சேர்த்தால் அரை கிலோகூட வராது.

22 ஜூன் 2024

"வர்ணம் அவசியமா?" என்ற கேள்விக்கு என் காரே பதில் சொல்லிவிட்டது.

தார் போன இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தகடு வெள்ளி போல மின்னுகிறது என்று புகைப்படம் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இரவில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல். பட்டறைக்குப் பின்பக்கம் தகரக் கூரைதான், சுவர் இல்லை. காலையில் வந்து பார்த்தால் வெள்ளி முழுக்க மஞ்சள் பூத்திருந்தது. ஒரே இரவு! உட்காருகிற இடத்தில் தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை வெறுமனே விட்டால் எடை நன்றாகவே குறையும், தகடே போய்விடும் அல்லவா.

ஓட்டுநர் காலடியில் தாருக்கு அடியில் ஏற்கெனவே ஓர் ஓட்டை இருந்தது, பழைய நாலணா அளவு. தார் ஷீட்தான் அதை மூடிக்கொண்டிருந்தது. டிங்கரிங் செய்கிறவர் பார்த்துவிட்டு, "இதைக் கழற்றாமலே இருந்திருந்தால் நிம்மதியாக ஓட்டியிருக்கலாமே" என்றார். ஒட்டுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம். 300 கிராம் கூடியது.

23 ஜூன் 2024

ஒரு திசைதிருப்பல். எடைக்காக வர்ணத்தைச் சுரண்டிய கதை என்றாலே மெர்சிடிஸ் கதை வந்துவிடும், இங்கும் வந்துவிட்டது. 1934இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் ஐஃபல் கார்ப் பந்தயத்துக்கு முந்தைய இரவு, கார் 750 கிலோ வரம்பைவிட ஒரு கிலோ கூடுதலாக இருந்ததாம். வெள்ளை வர்ணத்தைச் சுரண்டி வெறும் அலுமினியத்தோடு ஓடியதாம். அன்றிலிருந்துதான் "வெள்ளி அம்புகள்" என்ற பெயராம். ஒரு கிலோ வர்ணம் என்பது நம்பக்கூடிய அளவுதான், கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

உறுதியான உதாரணம் வேண்டுமென்றால் நாசா விண்வெளி ஓடத்தின் பெரிய வெளி எரிபொருள் தொட்டி. முதல் இரண்டு பயணங்களில் வெள்ளை வர்ணம் பூசியிருந்தார்கள். 1982இல் மூன்றாவது பயணத்திலிருந்து பூசவில்லை, ஆரஞ்சு நிறத்திலேயே விட்டுவிட்டார்கள். மிச்சம் சுமார் 270 கிலோ. 2022இல் ஃபார்முலா ஒன் அணிகள் பலவும் கார்பன் பாகங்களை வர்ணமில்லாமல் கறுப்பாக விட்டதும் இதே காரணத்துக்காகத்தான். கார்பன் துருப்பிடிக்காது. நம் 800 இரும்பு.

24 ஜூன் 2024

நேற்றைய மெர்சிடிஸ் கதைக்கு ஒரு திருத்தம். அணி மேலாளர் நொய்பவர் பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்பில் சொன்னது அது. அந்த ஐஃபல் போட்டிக்கு 750 கிலோ விதியே பொருந்தவில்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். நல்ல கதை, அவ்வளவுதான்.

30 ஜூன் 2024

வர்ணத்தின் எடை. தரை, பக்கங்கள், கூரை உள்புறம், கதவு உள்புறம் எல்லாம் சேர்த்துச் சுமார் 10 சதுர மீட்டர். பிரைமரும் மேல் வர்ணமும் காய்ந்தபின் 100 மைக்ரான், அதாவது 0.1 மில்லிமீட்டர், கனம் என்று வையுங்கள். பெருக்கினால் ஒரு லிட்டர் கன அளவு. காய்ந்த வர்ணத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு. ஆக ஒன்றரை கிலோ. இதற்குப் பயந்து தகட்டை வெறுமனே விடாதீர்கள்.

நான் என்ன அடித்தேன் என்றால்…

30 ஜூன் 2024, சற்று நேரம் கழித்து

மின்சாரம் போய்விட்டது. தொடர்கிறேன்.

இரண்டு முறை அடித்தேன். முதல் முறை பட்டறைப் பழக்கத்தில் ரெட் ஆக்சைடு பூசினேன், இரும்புக் கேட்டுக்கு அடிப்பதுபோல. அதன் மேல் கடினப்படுத்தி கலக்கும் டூ கே வர்ணம். மேல் வர்ணத்தின் தின்னர் அடியிலிருந்த ரெட் ஆக்சைடை இளக்கிவிட்டது. ஐந்து நிமிடத்தில் தரை முழுக்க ரவா தோசை. அத்தனையும் சுரண்டல், மறுபடி உப்புத்தாள்.

இரண்டாம் முறை எபாக்ஸி பிரைமர். துருப் போக்கும் அமிலம் போட்டிருந்தால் அதை நன்றாகக் கழுவி, காயவைத்து, தேய்த்த பிறகே எபாக்ஸி. அமிலம் மிச்சமிருந்தால் எபாக்ஸி சரியாக இறுகாது. இறுகாத எபாக்ஸியைச் சுரண்டுவது தார் ஷீட்டைவிட மோசம் என்று இன்னொருவர் எழுதியதைப் படித்துவிட்டு மூன்று முறை கழுவினேன்.

நிறம் வெளிர் சாம்பல். வெள்ளை அழகுதான், கால் வைத்த மறுநாளே அழுக்கு. வெளிர் நிறத்தின் பயன் அழகல்ல: தகட்டில் விரிசல் விழுந்தாலோ, எங்கிருந்தாவது எண்ணெய் கசிந்தாலோ உடனே தெரியும். டேஷ்போர்டின் மேல்பக்கத்தை மட்டும் பளபளப்பில்லாத கறுப்பாக விடுங்கள், இல்லையென்றால் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும்.

1 ஜூலை 2024

முக்கியமானதை விட்டுவிட்டேன். டூ கே வர்ணத்தின் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது. ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஸ்பிரே அடிப்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது தூசியைத் தடுக்கும், இதைத் தடுக்காது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் பிறகு சிறிதளவே ஆஸ்துமாவைக் கொண்டுவரும். அதுவும் காருக்குள், மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்து அடிப்பது! வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகக்கவசம் இருப்பவரிடம் கொடுங்கள். நான் பிரைமரைத் தூரிகையால் பூசிவிட்டு, மேல் வர்ணத்துக்குக் கவசம் வைத்திருக்கும் பெயிண்டரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். தூரிகைக் கோடுகள் தெரிகின்றன. சீட்டுக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்?

14 ஜூலை 2024

ஓட்டினேன். சிங்காநல்லூர் வரை போய்த் திரும்பினேன். பெரிய இரும்பு டிரம்முக்குள் உட்கார்ந்திருப்பது போல ஓசை. சக்கரம் அடிக்கும் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகக் கேட்கிறது. புகைக்குழாய்ச் சூடு தரை வழியாக ஏறி, இருபது நிமிடத்தில் செருப்பு இளகிவிடுமோ என்ற பயம் வந்துவிட்டது.

அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகலாம் என்று நிறுத்தினேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "மாட்டு வண்டியிலாவது வைக்கோல் போட்டிருப்பார்கள்" என்று சொல்லி ஆட்டோவுக்குக் கை காட்டிவிட்டார்.

20 ஜூலை 2024

ஓசையும் சூடும் தாங்காமல் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வண்டியின் அடிப்பக்கத்துக்கு அடிக்கும் ரப்பர் கோட்டிங்கைத் தரையின் உள்பக்கம் அடித்தேன். அழகாக, கரகரப்பாக, காலுக்கு வழுக்காமல் வந்தது. பட்டறைப் பையன் காலி டப்பாக்களை எடுத்துப் போகும்போதுதான் உறைத்தது. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனம், இரண்டரை சதுர மீட்டர்: மூன்று கிலோ. மைனஸ் 78 டிகிரியில் மூச்சுமுட்டி 4.3 கிலோவை எடுத்துவிட்டு, அதே இடத்தில் மூன்று கிலோவை நானே காசு கொடுத்துத் திரும்ப ஒட்டியிருக்கிறேன்.

21 ஜூலை 2024

ஆமாம், சுரண்டிவிட்டேன். கேட்காதீர்கள். சாம்பல் வர்ணத்தை மறுபடி தொட்டுப் பூசியாயிற்று. காலடிக்கு மட்டும் பழைய ஃபெல்ட்டில் ஒரு துண்டு வெட்டிப் போட்டேன், 1.1 கிலோ.

டோர் பேட்டுக்குப் பதில் அலுமினியத் தகடு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரு மில்லிமீட்டர் அலுமினியம் சதுர மீட்டருக்கு 2.7 கிலோ. நான்கு கதவுக்கு 1.4 சதுர மீட்டர் வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: 3.8 கிலோ. கம்பெனி டோர் பேட்டும் 3.8 கிலோ! அட்டையும் ரெக்சினும் அவ்வளவு மோசமான பொருள் இல்லை. அரை மில்லிமீட்டர் தகட்டில் வெட்டினேன், 1.9. விளிம்பை மடக்காமல் விட்டதால் முழங்கை கிழிந்தது, பிறகு மடக்கினேன்.

11 ஆகஸ்ட் 2024

செட்டிபாளையம். 2003இல் திறந்த, கோவையின் பந்தயக் கார் வடிவமைப்பாளர் கரிவர்தன் பெயரைத் தாங்கிய 2.1 கிலோமீட்டர் தடம். இங்கே வந்தால் எனக்கு எப்போதும் ஒரு வெட்கம். நாம் 800-இன் கார்பெட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறோம். அவர் 80களின் இறுதியிலேயே 800-இன் எஞ்சினை மட்டும் எடுத்து, சுற்றிலும் ஒற்றை இருக்கைக் காரைக் கட்டி, பையன்கள் போட்டிக்கு வரும் விலையில் ஃபார்முலா மாருதி என்று ஓடவிட்டார். எடை குறைப்பு என்றால் அது.

சுற்றுக்கு ஒன்றரை விநாடி குறைந்திருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. பின்பக்கம் லேசானதால் வளைவில் முன்னைவிட எளிதில் நழுவுகிறது, இரண்டு முறை தடத்தைவிட்டுப் புல்லுக்குப் போனேன்.

12 ஆகஸ்ட் 2024

ஒன்றரை விநாடி முழுவதும் எடையால் வந்ததல்ல. சென்ற முறை ஓட்டியது ஏப்ரல் மதியம், இந்த முறை ஆகஸ்ட் காலை எட்டு மணி; எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று. முன் டயர்களும் புதியவை. எவ்வளவு எதனால் என்று பிரிக்க எனக்கு வழியில்லை.

போட்டிக்கே போகப்போகிறேன் என்பவர் ரோல் கேஜையும், அதாவது வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டையும், கணக்கில் சேர்க்க வேண்டும். 38 மில்லிமீட்டர் குழாய், இரண்டரை மில்லிமீட்டர் கனம், 15 மீட்டர் என்றால் 33 கிலோ. பின் சீட், பயணி சீட், கார்பெட், டோர் பேட் எடுத்த புண்ணியம் எல்லாம் அதிலேயே போய்விடும். ஆனாலும் அதை வைக்காமல் வேகமாகப் போகாதீர்கள்.

18 ஆகஸ்ட் 2024

கடைசிக் கணக்கு, தணிக்கைக்கு. எடுத்தது 61. திரும்பி வந்தவை: வர்ணம் 1.6 (டப்பாவை முன்னும் பின்னும் நிறுத்து, ஆவியானதைக் கழித்தது), ஒட்டுத் தகடு 0.3, ஃபெல்ட் 1.1, அலுமினியம் 1.9, தீயணைப்பானும் அதன் பிடியும் 3.4. ஆக 8.3. நிகரம் 52.7.

நேர்மையாகப் பார்த்தால் ஆம்ப்ளிஃபயர் கம்பெனி கொடுத்ததல்ல. ஸ்டெப்னி உள் அலங்காரம் அல்ல. இரண்டையும் கழித்தால் 34.3. அதில் 23.4 கிலோ இரண்டு சீட்டுகள், ஸ்பேனர் இருந்தால் இருபது நிமிட வேலை. ஆக, இரண்டரை மாதம், உலர் பனிக்கட்டி, ரவா தோசை, கிழிந்த முழங்கை எல்லாம் மிச்சமுள்ள 10.9 கிலோவுக்காக. முதல் நாள் கார்பெட் தராசில் காட்டிய எடை!

கேள்வி கேட்டவருக்கு: சீட்டுகளையும் ஸ்டெப்னியையும் எடுத்துவிட்டு டிராக்குக்குப் போங்கள், மாலையில் திரும்ப மாட்டிவிடுங்கள். தார் ஷீட்டைத் துரு சந்தேகம் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

19 ஆகஸ்ட் 2024

என் எடை 82 கிலோ என்பதை இங்கே நினைவூட்டிய மருத்துவ நண்பருக்கு நன்றி. பார்க்கலாம்.

3 செப்டம்பர் 2024

சட்டம் பற்றி யாருமே பேசவில்லையே என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார், நியாயம்தான். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கைகளின் எண்ணிக்கையும் சுமையற்ற எடையும் இருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறாக அந்த விவரங்கள் ஆகிவிடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. பின் சீட் இல்லாமல் சாலையில் ஓட்டுவது வம்பு. ஜூலையில் நான் சிங்காநல்லூர் போனதும் வம்புதான்.

எனக்கு வேறு வழியும் இல்லை. 2004 வண்டிக்கு 15 வருடம் முடிந்து 2019இல் ஐந்து வருடம் புதுப்பித்தது இந்த மாதம் முடிகிறது. ஆய்வுக்குக் காட்ட எல்லாவற்றையும் திரும்ப மாட்ட வேண்டும்.

15 செப்டம்பர் 2024

மாட்டினேன். கார்பெட், பேட், சீட், பெல்ட், பலகை, ஸ்டெப்னி. கூரைத் துணியின் கிளிப்புகளில் நான்கு உடைந்துவிட்டன, உக்கடத்தில் தேடிப் பிடித்தேன். ஏழு திருகுகள் மிச்சம். எங்கே போகவேண்டியவை என்று தெரியவில்லை. அடியில் சாம்பல் வர்ணம் பளபளவென்று இருக்கிறது, யாருக்கும் தெரியாது. தார் ஷீட் மட்டும் இல்லை, அதனால் ஓசை முன்னைவிடக் கொஞ்சம் கூடுதல். அம்மா ஏறி உட்கார்ந்தார்.

22 செப்டம்பர் 2024

புதுப்பித்தாயிற்று. ஆய்வாளர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆம்ப்ளிஃபயர் இன்னும் இருக்கிறதா என்று கேட்ட இருவருக்கும்: பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.

6 அக்டோபர் 2024

பயணி பக்கத்துக் காலடி மறுபடி ஈரம். அந்தக் குழாயை நான் குத்தவே இல்லை.